டாடி சேர்த்த குரோஷா செயின்

டாடி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பாதி இட்லியைத் தட்டில் விட்டுவிட்டு எழுந்து நின்று ஓர் அறிவிப்பு செய்தார்.

"டோரீன், கேட்டுக்கோ. இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் நீயும் நானும் பைக்ல அல்சூர் ஏரிக்குப் போறோம். கல்யாணத்துக்கு முன்னாடி போன மாதிரியே."

மம்மி சட்னியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "அதுக்கு என்னங்க வேணும்?"

"என்ன வேணும்? ஏரி இருக்கு. பைக் இருக்கு. நான் இருக்கேன்."

"கண்ணு?"

டாடி உட்கார்ந்து மீதி இட்லியைச் சாப்பிட்டார்.

இது போன வருஷ மழைக்காலத்தில் நடந்தது. எங்கள் வீடு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில். பழைய ஓட்டு வீடு, முன்னால் ரெண்டு தூண் வைத்த வராந்தா. வீட்டில் டாடி சில்வெஸ்டர், மம்மி டோரீன், நான் கேரல். நான் பியூசியோடு படிப்பை விட்டுவிட்டு பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் கேக் டப்பா மடிக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

டாடிக்கு ரெண்டு கண்ணிலும் புரை. டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். "சின்ன ஆபரேஷன்தான். பண்ணிக்கிட்டு வண்டி ஓட்டுங்க. அதுவரைக்கும் தொடாதீங்க." டாடி அவரை மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்தார். டாக்டர் எங்கே நிற்கிறார் என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது.

டாடி பால்பேரிங் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அதனால் வீட்டில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேரிங்கில் போய்த்தான் முடியும்.

"மயிரிழை கோணலை ஒத்தைக் கண்ணுல பிடிச்சவன் நான். எனக்கா புரை? கண்ணாடியைத் துடைச்சா எல்லாம் சரியாப் போயிடும்."

துடைத்தார். நாள் முழுக்கத் துடைத்தார். சட்டை நுனி தேய்ந்து போனது. உலகம் அப்படியே மங்கலாக இருந்தது.

அந்தக் கண்ணோடுதான் பைக்கை எடுத்துக்கொண்டு போவார். இருக்கிற ஸ்பீட் பிரேக்கரில் பறப்பார். இல்லாத ஸ்பீட் பிரேக்கருக்கு நிறுத்துவார். ஒருநாள் சிக்னலில் ஒரு ஆட்டோக்காரர் வெளியே தலையை நீட்டி, "ஏன் சார், கண்ணு காணல்வா?" என்று கன்னடத்தில் கத்தினார். டாடி அவருக்குத் தமிழில் பேரிங் பற்றிச் சொன்னார். இன்னொரு நாள் தையல் கடை வாசலில் வெள்ளை ஜிப்பா மாட்டி நிறுத்தியிருந்த பொம்மைக்கு "குட் மார்னிங் ஃபாதர்" சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டார். "புது ஃபாதருக்கு ரொம்பத் தலைக்கனம் டோரீன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல."

நான் நேராகவே கேட்டேன். "ஆபரேஷன்னா பயமா டாடி?"

"பயமா? எனக்கா? கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன். அவ்வளவுதான்."

"அதுக்குப் பேரு என்ன?"

"கொள்கை."

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசை மட்டும் விளையாட்டில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மம்மி வீடு ஆஸ்டின் டவுனில். மாதா கோயிலில் பாட்டு பிராக்டிஸ் முடிந்ததும் டாடி பைக்கில் கொண்டுபோய் விடுவார். போகிற வழியில் அல்சூர் ஏரி. ஏரியை எத்தனை சுற்று சுற்றினார்கள் என்று இன்றுவரை ரெண்டு பேரும் சொல்வதில்லை. மம்மி அப்போதே பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து குரோஷா போட்டுக்கொண்டே போவாளாம். ஒரு தடவை நூல்கண்டு பையிலிருந்து விழுந்து, கோல்ஸ் ரோடு முழுக்க நூல் விட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள்.

"பின்னாடியே ஒரு போலீஸ்காரர் அதைச் சுத்திக்கிட்டே வந்து ஏரிக்கரையில கண்டைக் கையில குடுத்தார்" என்பார் டாடி.

"போலீஸ் இல்லீங்க. ஐஸ்கிரீம்காரன்" என்பாள் மம்மி.

"தொப்பி போட்டிருந்தான்."

"ஐஸ்கிரீம்காரனும்தான் போட்டிருந்தான்."

இந்தச் சண்டையைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். கல்யாணம் ஆனது. ஷிப்ட் வந்தது. ஓவர்டைம் வந்தது. ரொம்ப லேட்டாக நான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காணாமல் போயிற்று. பைக் மட்டும் வராந்தாவில் நின்றது. என்னைவிட அதற்கு சீனியாரிட்டி அதிகம்.

ஓய்வு பெற்றதும் அந்த ஞாயிறைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்று டாடிக்கு வெறி. அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து ஏதாவது லாரிக்கு அடியில் போய்விடுவோமோ என்று மம்மிக்குப் பயம். ரெண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பைக் எனக்கு வந்தால் நன்றாயிருக்கும் என்றும் பட்டது.

செப்டம்பரில் எங்கள் கோயிலில் மாதா திருவிழா. தேர் வரும்போது சுரூபத்துக்கு, அதாவது மாதா சிலைக்கு மேல் பிடிக்கிற குடைக்கு வருஷா வருஷம் புது லேஸ் கட்டுவார்கள். அந்த லேஸ் ஒரே வளையமாகப் பின்னியதாக இருக்க வேண்டும். நீளமாகப் பின்னி முனையைத் தைத்து ஒட்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெண்கள் சபையில் அப்படி ஒரு பழக்கம். அந்த வருஷம் மம்மியின் முறை. சபைத் தலைவி பிரிஜெட் ஆண்ட்டி வாரம் தவறாமல் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு லேஸைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரே வளையம் என்பது கேட்கத்தான் சுலபம். முதலில் ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, குடையின் சுற்றளவுக்கு ஒரு நீளமான செயின் போட வேண்டும். அந்தச் செயினுக்கு ஒரு பக்கம் ஜடை மாதிரி மழமழவென்று இருக்கும். மறுபக்கம் மேடு மேடாக இருக்கும். பிறகு கடைசிக் கண்ணியை முதல் கண்ணியோடு சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ஜடை முழுக்க ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நடுவில் எங்கேயாவது ஒரே ஒரு புரள் புரண்டிருந்தால் தொலைந்தது. அப்போது தெரியாது. ரெண்டு மூன்று சுற்று பின்னின பிறகுதான் லேஸ் எட்டு மாதிரி மடங்கி நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அடியிலிருந்து மொத்தத்தையும் பிரிக்க வேண்டியதுதான். வேறு வழியே கிடையாது.

அன்றைக்கு மம்மி செயினைச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பி வைத்து, விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள். டாடி பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்து நின்றார். பக்கத்து வீட்டு கிளெமென்ட் அங்கிள் கேரம் போர்டு பவுடர் கேட்டு வந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு என்ன புடவை கட்டப் போறே?"

"பேசாதீங்க. புரண்டுடும்."

"ஒரு நூலைச் சேர்க்கிறதுக்கு இவ்வளவு நேரமா? குடு, நான் ஒரு செகண்ட்ல சேர்த்துக் காட்டறேன். என் கண்ணு..."

"பேரிங் பார்த்த கண்ணு. தெரியும்." மம்மி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் நானெல்லாம் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். டாடிக்குத்தான் அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் புரையே இல்லை என்று அர்த்தம்.

"சரி. ஒரு பேச்சு பேசிக்கலாமா? முறுக்கு விழாம ஒரு செயினைச் சேர்த்துக் காட்டுங்க. ஒரே ஒரு தரம். அடுத்த ஞாயித்துக்கிழமையே பைக்ல உங்க பின்னாடி உக்கார்றேன்."

"சேர்த்துட்டா?"

"உக்கார்றேன்னு சொல்றேன்ல. திருவிழாக் கொடி ஏறுறதுக்குள்ள முடியலன்னா, கண் ஆபரேஷன்."

"கிளெமென்ட், கேட்டுக்கிட்டியா? நீதான் சாட்சி."

"கேட்டேன் மேன். பவுடர் எங்க?"

டாடி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் கண்ணி எதுவென்று குழப்பம் வராமல் இருக்க மம்மி அதில் ஒரு சேஃப்டி பின்னைக்கூட மாட்டிக்கொடுத்தாள். ஊசியை எப்படி விட்டு நூலை எப்படி இழுப்பது என்றும் காட்டினாள். டாடி செயினை ஒரு பார்வை பார்த்தார். ரெண்டு முனையையும் எடுத்தார். இழுத்தார். முடிந்தது.

"அவ்வளவுதான். இதுக்குப் போய்!"

மம்மி வாங்கிக்கொண்டு பின்ன ஆரம்பித்தாள். மறுநாள் சாயங்காலம் அந்த லேஸை மேஜையில் வைத்தாள். அது எட்டு போட்டுக்கொண்டு நின்றது.

"இது டிசைன்" என்றார் டாடி.

"டிசைன் இல்லீங்க. இதைக் கட்டினா மாதாவைச் சுத்தி வர்றதுக்குள்ள லேஸு ஒருதரம் தலைகீழா நடந்துட்டு வரும்."

"நீ பின்னும்போது முறுக்கிட்டே."

"நான் முறுக்குறதா இருந்தா நூலையா முறுக்குவேன்?"

டாடி தன் காதைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்.

அதிலிருந்து குடைக்கான லேஸை மம்மி உள்ளே தனியாக வைத்துக்கொண்டாள். டாடிக்கென்று வேறு செயின் போட்டுக் கொடுத்தாள். "நேரா வந்துச்சுன்னா இதையே குடைக்குக் கட்டிடலாம்" என்று ஆசையும் காட்டினாள். வீடு தொழிற்சாலை ஆனது. மேஜை மட்டமில்லை என்று டாடி அதன் காலுக்கு அடியில் அட்டை வைத்தார். பிறகு காற்றுதான் புரட்டுகிறது என்று ஃபேனை நிறுத்தினார். பிறகு என் மூச்சுக்காற்று என்றார். நான் பேக்கரிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வராந்தாவில் டாடி ஒரு பெரிய ஏற்பாடு செய்து முடித்திருந்தார். செயினை ரெண்டு தூண்களையும் சுற்றி இழுத்து, துணி கிளிப் போட்டுக் கிளிப் போட்டு நிறுத்தியிருந்தார். கம்பி மாதிரி நின்றது. மேஜையில் கிடந்தால்தானே புரளும்? தூணில் புரளுமா? முனையைச் சேர்த்தும் விட்டார்.

"டோரீன்! வா! ஒரு முறுக்கு காட்டு பார்க்கலாம்!"

மம்மி வந்து செயினைச் சுற்றிலும் தடவிக்கொண்டே நடந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே நேராக இருந்தது.

"முறுக்கே இல்லீங்க" என்றாள்.

"ஆங்!"

"ஆனா தூணு இருக்கு."

டாடிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வளையம் மூடிவிட்டது. உள்ளே ரெண்டு தூண்கள். தூணுக்கு மேலே ஓடு.

"மாதாவை இங்கேயே கூட்டிட்டு வந்துடலாமா?" என்று மம்மி மரியாதையாகக் கேட்டாள். "ஃபாதர்கிட்ட நீங்க சொல்றீங்களா? தையல் கடை ஃபாதர் இல்ல. நம்ம ஃபாதர்."

மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளெமென்ட் அங்கிள் சிரிக்கிற சத்தம் வந்தது. கழற்ற முடியாத வளையம் கணக்கில் சேராது. டாடி கத்தரிக்கோலைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

பிறகு கிளெமென்ட் அங்கிளையே உதவிக்குக் கூப்பிட்டார். ஒரு முனையை அவர் பிடிக்க வேண்டும், இன்னொரு முனையை டாடி பிடிப்பார். கிளெமென்ட் அங்கிளுக்குக் கை அசையாமல் வாய் பேசாது.

"நம்ம காலத்துல கேரம்ல நான் ரெட் காயைப் போட்டேன் பாரு மேன், ஞாபகம் இருக்கா, இப்படித் திருப்பி..."

"கையை ஆட்டாதடா!"

"ஆட்டல மேன். இப்படித்தான் ஸ்ட்ரைக்கரை..."

"புரண்டுடுச்சு!"

"எங்க புரண்டுச்சு? உனக்குத் தெரியுதா?"

டாடி வாயை மூடிக்கொண்டார். தெரியவில்லை என்று சொன்னால் ஆபரேஷன்.

இப்போது யோசித்தால் அந்த மழைக்காலத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். அதுவரைக்கும் டாடி ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவர். மம்மி லேஸைப் பார்த்துக் குனிந்தபடி இருப்பாள். நான் போனைப் பார்த்துக் குனிந்தபடி இருப்பேன். அந்த ரெண்டு மாதமும் எதைத் தொட்டாலும் நூல். சோற்றில்கூட நூல். சண்டை போட்டுக்கொண்டே டாடி செயினைப் பிரிப்பார். மம்மி சண்டை போட்டுக்கொண்டே அதைத் திரும்பப் போடுவாள். நடுநடுவில் ரெண்டு பேரும் ஏரிக்கரை மசால் பூரிக்காரன் இருந்தது வலது பக்கமா இடது பக்கமா என்று தகராறு செய்வார்கள். வெளியே மழை. ஓட்டில் சத்தம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கையிலும் ஒரு முனையைக் கொடுத்திருப்பார்கள்.

கொடியேற்றம் நெருங்கியது. டாடி நூலைக் குறை சொன்னார். "மெல்லிசு. கூசுது. தடிமனா ஏதாவது குடு."

"குடுத்தா போச்சு" என்று மம்மி ஒரு புதுக்கண்டை எடுத்து வந்து செயின் போட்டாள். அந்தக் கண்டைப் பார்த்ததும் நான் வாயைத் திறந்தேன். மம்மி என் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழையில் கரண்ட் போனது. டாடி இருட்டில் செயினைக் கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெருமூச்சு நின்றது.

"வத்தி வேண்டாம் கேரல்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். சும்னே இரு."

டாடிக்கு சந்தோஷம் வந்தால்தான் கன்னடம் வரும்.

கட்டைவிரலால் செயினைத் தடவிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு பக்கம் மழமழ. மறுபக்கம் மேடு மேடு. மேடு எங்கே பக்கம் மாறுகிறதோ அங்கே புரள். அதைத் திருப்பிவிட்டு மேலே போனால் போதும். கண்ணால் வாரக்கணக்கில் முடியாததை விரல் இருட்டில் கண்டுபிடித்துவிட்டது. இதையெல்லாம் அவர் எனக்கு மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. டாடி ஒருநாளாவது ஜெயிக்கட்டுமே என்று இருந்தது.

அவர் பேசாமல் அதைச் சேர்த்து மம்மி கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ஜெயித்ததோடு முடிந்து போயிருக்கும். ஆனால் டாடிக்கு ஜெயித்தால் மட்டும் போதாது. ஊர் பார்க்க ஜெயிக்க வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டார். பிரிஜெட் ஆண்ட்டி வந்தார். கிளெமென்ட் அங்கிள் வந்தார். மம்மி வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தாள். டாடி மேஜைக்கு முன்னால் நின்று கைக்குட்டையை உதறினார்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன். என் கண்ணு போச்சுன்னு இந்த வீட்டுல ஒரு பேச்சு. இந்தச் செயினைச் சேர்க்க எனக்குக் கண்ணே தேவையில்ல. கேரல், கட்டு."

நான் கைக்குட்டையால் அவர் கண்ணைக் கட்டினேன்.

"டாடி, யோசிச்சுக்கோங்க."

"இறுக்கிக் கட்டு!"

டாடி செயினை எடுத்தார். கட்டைவிரல் ஊர்ந்து போனது. ஓர் இடத்தில் நின்றது. திருப்பியது. திரும்ப ஊர்ந்தது. பிரிஜெட் ஆண்ட்டி பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சேஃப்டி பின் கைக்கு வந்தது. ஊசியை விட்டார், நூலை இழுத்தார், சேர்த்தார்.

மம்மி வளையத்தை வாங்கி மேஜையில் விரித்தாள். விரலால் ஒரு முழுச் சுற்று போனாள். பிறகு பிரிஜெட் ஆண்ட்டி ஒரு சுற்று போனார்.

"நேரா இருக்கு டோரீன்" என்றார் ஆண்ட்டி.

"நேராத்தான் இருக்கு" என்றாள் மம்மி.

கிளெமென்ட் அங்கிள் கை தட்டினார். நானும் தட்டினேன். டாடி கட்டை அவிழ்த்து, வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கண்ணில் தண்ணீர். "இதையே மாதா குடைக்குக் கட்டிடுங்க பிரிஜெட். என் காணிக்கையா இருக்கட்டும். பாருங்க, பால் மாதிரி வெள்ளை."

"பால் மாதிரியா?" ஆண்ட்டி வளையத்தைப் பார்த்தார். மம்மியைப் பார்த்தார். "யாரு வீட்டுப் பால் சில்வெஸ்டர்? எலுமிச்சம்பழத்துல கறந்ததா?"

கிளெமென்ட் அங்கிள் கை தட்டுவதை நிறுத்தினார்.

"கேரல்" என்றார் டாடி. "இது என்ன கலர்?"

பொய் சொல்ல எனக்கு வராது. "மஞ்சள் டாடி. எலுமிச்சை மஞ்சள்."

டாடி வளையத்தை மூக்குவரைக்கும் கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மம்மி அவர் தட்டில் ரெண்டு பஜ்ஜி வைத்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "கண்ணைக் கட்டிக்கிட்டு நூலைச் சேர்க்கலாங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு கோல்ஸ் ரோட்ல போக முடியாது."

டாடி ஒரு பஜ்ஜியைத் தின்று முடித்தார். பிறகு நிமிர்ந்தார். "மஞ்சளோ பச்சையோ. செயின் நேரா இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"நான் ஜெயிச்சேனா இல்லையா?"

"ஜெயிச்சீங்க."

"பேச்சு பேச்சுதானே?"

"பேச்சுன்னா பேச்சுதான். நாளைக்கு உங்க பின்னாடி உக்கார்றேன்."

நான் மம்மியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உனக்குப் பைத்தியமா மம்மி? அவருக்கு மஞ்சளே தெரியல. நாளைக்கு சிக்னல்ல சிவப்பு தெரியுமா?"

"எண்ணெய் காயுது, தள்ளு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததுமே டாடி தயார். முடிக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பளபளவென்று ஷூ. ஒன்று கருப்பு, ஒன்று பிரவுன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. வராந்தாவில் ஸ்டாண்ட் போட்டிருந்த பைக்கில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார்.

மம்மி ரோஸ் கலர் புடவையில் வந்தாள். காதில் தொங்கட்டான். டாடி திரும்பிப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ தெரியாது, ரொம்ப நேரம் பார்த்தார். மம்மி ஒருக்களித்து ஏறி உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"உக்காந்தாச்சு."

"ஒரு நிமிஷம் இறங்கு. ஸ்டாண்டை எடுக்கணும்."

"எதுக்கு?"

"எதுக்கா? போகத்தான்!"

"பின்னாடி உக்கார்றேன்னுதானே சொன்னேன். உக்காந்துட்டேன். வண்டி போகணும்னு எப்போ சொன்னேன்? கிளெமென்ட் அண்ணே, நான் சொன்னேனா?"

மதில் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. "சொல்லல மேன். நான்தானே சாட்சி."

டாடி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்தது கேட்டு. அதுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. இறங்கி உள்ளே போய்விடுவார், அப்புறம் ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டார் என்று நினைத்தேன். கிளெமென்ட் அங்கிளும் தலையை இறக்கிக்கொண்டார். மழை பிடித்தது.

மம்மி அவர் தோளைத் தட்டினாள். "என்னங்க, கிளம்புங்க. மழை பெரிசாகறதுக்குள்ள போயிடலாம்."

"எங்க?"

"ஏரிக்குத்தான். கண்ணை மூடிக்கோங்க. உங்களுக்குத்தான் கண்ணே வேண்டாமே."

டாடி கொஞ்ச நேரம் பிகு செய்தார். பிறகு கண்ணை மூடினார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, வாயாலேயே மெதுவாக "டுர்ர்ர்" என்றார்.

"கோல்ஸ் ரோடு வந்தாச்சு டோரீன். மரமெல்லாம் இருக்கு பாரு."

"இருக்கு. அந்த மூலை பேக்கரியும் இருக்கு. தேங்காய் வச்ச தில்பசந்த் வாசனை வருது."

"அது பிரெட்டு."

"தில்பசந்த்."

"நீ அன்னைக்கும் இப்படித்தான் சண்டை போட்டே."

"ஸ்பீடைக் குறைங்க! எங்கப்பா சைக்கிள்ல எதிர்ல வர்றார்!"

"ஐயையோ!" டாடி நிஜமாகவே தலையைக் குனிந்து ஹேண்டில்பாருக்குக் கீழே மறைந்தார். "போயிட்டாரா?"

"போயிட்டார். பார்க்கல."

"பார்த்திருப்பார். அவர் கண்ணு நல்ல கண்ணு."

மம்மி சிரித்துச் சிரித்து அவர் முதுகில் சாய்ந்துவிட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சொல்கிற கோல்ஸ் ரோடு எனக்குத் தெரியாது. நான் தினமும் போகிற கோல்ஸ் ரோட்டில் ஹாரன்தான் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு எனக்கும் பிரெட் வாசனை வந்தது. தில்பசந்தாகவும் இருக்கலாம்.

"இங்க லெஃப்ட் எடுங்க" என்றாள் மம்மி.

"லெஃப்டா? ஏரிக்கு நேராப் போகணும்."

"அது அப்போ. இப்போ ஒன்வே."

பெங்களூரில் இதற்கு மேல் யார் எதிர்த்துப் பேச முடியும்? டாடி ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினார்.

"இப்போ ரைட். நேரா ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க."

"எப்பப் பாரு தோண்டுறானுங்க" என்று டாடி அலுத்துக்கொண்டே வலது பக்கம் திருப்பினார்.

"பள்ளம், பள்ளம்! மெதுவா." மம்மி குலுங்கினாள். டாடியும் குலுங்கினார். "திரும்ப லெஃப்ட். ஆங். ஓரமா நிறுத்துங்க. வந்தாச்சு."

டாடி பிரேக் பிடித்தார். கண் மூடியபடியே முகமெல்லாம் சிரிப்பு.

"ஏரியில தண்ணி நிறைய இருக்கா டோரீன்?"

"ஏரி இல்லீங்க, கண் ஆஸ்பத்திரி. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க, பேர் குடுத்தாச்சு, இறங்குங்க."